எட்டு அங்குல மழை

தூத்துக்குடி
11-7-1976, ஞாயிறு

பகவதி அம்மாளுக்கு,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், அலமாரியிலிருந்து என் கணவர் அனுப்பிய கடிதங்களை எடுத்து, உங்கள் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணினேன். நான்கு கடிதங்களில் பதினொரு இடம். என் பெயர் நான்கு இடம்; அதுவும் ‘அன்புள்ள ஞானபாய்க்கு’ என்று தொடங்கும் இடத்தில் மட்டும். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

என்னை நீங்கள் பார்த்ததில்லை. இலுப்பையோடை அணைக்கு ஆறு மாதம் முன்பு மாற்றலாகி வந்த உதவி இன்ஜினியர் செல்வதுரையின் மனைவி. என் வேலையும் மகள் கிரேசியின் கல்லூரியும் இங்கே என்பதால் நான் இங்கே இருக்கிறேன். அவர் அங்கே ரெஸ்ட் ஹவுஸில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை வருகிறார். வந்த அன்று தூங்குகிறார், மறுநாள் போகிறார்.

இது காரியமாக எழுதும் கடிதம். உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் அந்த அணையில் வெள்ளம் வழிந்து போகிற மறுகால் போதாது, அதை அகலப்படுத்த வேண்டும், கரையையும் உயர்த்த வேண்டும் என்று அவர் மதிப்பீடு தயாரிக்கிறார். எவ்வளவு அகலம் வேண்டும் என்பது ஒரு நாளில் அதிகபட்சமாக எவ்வளவு மழை பெய்தது என்பதைப் பொறுத்தது. ரெஸ்ட் ஹவுஸ் மழைமானி ரிஜிஸ்டரில், 1965 கார்த்திகைப் புயலன்று எட்டு அங்குலம் என்று இருக்கிறது. ஆனால் அவர் கடைசியாக எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வரி: ‘பதினைந்து அங்குலம் என்கிறாள் பகவதி. அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது.’

எதை வைத்து அந்தப் பதினைந்தைச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் யார், அணையில் உங்களுக்கு என்ன வேலை என்பதையும் எழுதினால் நல்லது. அவர் கடிதங்களில் பதினொரு இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதே தவிர, அது எங்கும் இல்லை.

இப்படிக்கு,
ஞானபாய் செல்வதுரை, பி.ஏ., எல்.டி.


சாத்தங்கரை
17-7-1976

மதிப்புக்குரிய டீச்சரம்மாவுக்கு, பகவதி எழுதுவது.

தபால்காரர் கடிதத்தைக் களத்தில் வைத்துக் கொடுத்தார். “தூத்துக்குடியிலருந்து ஒனக்கு யாருளா எழுதுதா?” என்று கேட்டார். “பெரிய இடம் அண்ணாச்சி, நீரு போரும்” என்றேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த அணையின் மடையைத் திறந்து மூடுகிறவள். என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் பார்த்த வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவரைப் பாம்பு கடித்தது, பிழைக்கவில்லை. “பொம்பள மடையில ஏறக்கூடாது” என்று ஊரில் நாலு பேர் வந்து நின்றார்கள். “அப்ப நீங்க ஏறுங்கலே” என்றேன். மார்கழிப் பனியில் விடியக்காலம் கழுத்தளவு தண்ணீரில் இறங்க ஒருத்தனும் வரவில்லை. அப்புறம் நானே ஏறினேன், இன்றுவரை நான்தான்.

பதினொரு இடத்தில் ஆறு இடமாவது குழம்பைப் பற்றி இருக்கும். ரெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் செந்தில்வேல் அண்ணாச்சி வைக்கிற குழம்பில் புளியும் அவருடைய கோபமும்தான் இருக்கும். சார் வந்த ஒரு மாதத்தில் இளைத்துப்போனார். அதனால் மத்தியானம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி போகிறது. காசுக்குத்தான், சும்மா இல்லை.

இனி மழை. புயலுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி ஒன்று வண்டியில் வந்து இறங்கியது. விளக்கு வைக்கும் நேரத்தில் மழை பிடித்தது. மறுநாள் விளக்கு வைக்கும் நேரம் வரை விடவில்லை. தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு நாலு விரல் குறைவு. ரெஸ்ட் ஹவுஸில் மழை அளந்து எழுதுகிறவரும் செந்தில்வேல் அண்ணாச்சிதான். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“ஏளா, கவருமெண்டு ஜாடி எட்டுங்கு. ஒம் மாட்டுத்தொட்டி பதினஞ்சுங்கு. நான் எத எழுத?” என்றார்.

“ஜாடி ரொம்பி வழிஞ்சிருக்கும்லா அண்ணாச்சி?”

“வழிஞ்சதுக்கு ரிஜிஸ்டர்ல கட்டம் கெடையாது.”

அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்குத் தண்ணீர் கரை உச்சிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. ஊரே கரைமேல் ஏறி மண் சாக்கும் வைக்கோலும் அடுக்கினோம். எங்கள் தெரு கரைக்கு நேர் கீழே, முப்பத்திரண்டு வீடு. தெருவுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் தண்ணீர் கூரைக்கு மேலே நிற்கிற மாதிரி இருந்தது.

பகவதி


தூத்துக்குடி
25-7-1976, ஞாயிறு

பகவதி அம்மாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விவரங்கள் போதாது.

முதலில் சாப்பாடு. அவருக்கு வயிற்றுப்புண் உண்டு. எங்கள் வீட்டில் இருபது வருஷமாகத் தேங்காய் அரைத்து விட்ட குழம்புதான், மிளகாய் கால் பங்கு. இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ருசியாக இருந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு இராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொள்கிற ஆள் அவர்.

இனித் தொட்டி. அதற்கு வயிறு புடைத்து வாய் குறுகியிருந்ததா? அப்படியானால் உள்ளே நின்ற தண்ணீரின் ஆழமும் பெய்த மழையும் ஒன்றாகாது. கூரைத் தண்ணீர் அதில் சொட்டியதா? முன்பே தண்ணீர் கிடந்ததா? நீங்கள் கையை விட்டதை யாராவது பார்த்தார்களா? பதினொரு வருஷத்துக்கு முந்தின நாலு விரலை எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?

நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று நினைப்பீர்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களோடு இருக்கட்டும். பதினெட்டு வருஷமாக அவர் கையெழுத்துப் போடும் வெள்ளக் கணக்கு எல்லாம் நான் போட்டது. இராத்திரி சாப்பிட்ட மேஜையைத் துடைத்துவிட்டு நான் உட்காருவேன். அவர் எதிரே உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முடித்து நீட்டினால், ‘சரியாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது’ என்பார். பிறகு தன் கையெழுத்தில் அதைப் பார்த்து எழுதுவார். இது யாருக்கும் தெரியாது. அவர் யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தடவையும் தாள்கள் எனக்குத் தபாலில் வந்திருக்கின்றன. அந்த மேஜைக்கு எதிரே மட்டும் யாரும் இல்லை.

உங்கள் பதினைந்துக்கும் ரிஜிஸ்டரின் எட்டுக்கும் நடுவில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். எட்டு என்றால் நூறடி மறுகாலோடு இன்னும் அறுபதடி சேர்த்தால் போதும். நாலரை லட்சம். திருநெல்வேலி அலுவலகமே இந்த வருஷம் அனுமதி கொடுத்துவிடும். பதினைந்து என்றால் நூற்றைம்பதடி சேர்க்க வேண்டும், கரையை மூன்றடி உயர்த்த வேண்டும், பதினொரு லட்சம். காகிதம் சென்னைக்குப் போகும். எப்போது திரும்பி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே யோசித்து எழுதுங்கள்.

ஞானபாய் செல்வதுரை


சாத்தங்கரை
2-8-1976

டீச்சரம்மாவுக்கு,

கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. நான் பரீட்சை எழுதி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. முடிந்தவரை எழுதுகிறேன்.

தொட்டிக்கு வயிறும் இல்லை, கழுத்தும் இல்லை. கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறை ஒன்றை வாங்கி அடியை அடைத்ததுதான் எங்கள் தொட்டி. மேலே எவ்வளவு அகலமோ கீழேயும் அவ்வளவு. வண்டிக்காரன் அதைக் களத்தின் நடுவிலேயே இறக்கிப் போட்டுப் போய்விட்டான். பக்கத்தில் கூரையும் இல்லை, மரமும் இல்லை. தண்ணீர் கிடக்கவில்லை. ஆட்டுப் புழுக்கை கிடந்தது, அதை நான் பெருக்கிவிட்டேன்.

பார்த்த ஆள் என் வீட்டுக்காரர். செந்தில்வேல் அண்ணாச்சி நம்பாததால் அவருக்குக் கோபம். பனை ஓலை ஈர்க்கு ஒன்றைத் தொட்டிக்குள் நட்டு, தண்ணீர் நின்ற இடத்தில் ஒடித்து, “இது இங்கன கெடக்கட்டும், ஒரு நாள் எவனாவது கேப்பான்” என்று கூரை வாரியில் செருகினார். பதினொரு வருஷம் எவனும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதல். ஈர்க்கு இன்னும் இருக்கிறது. அதைக் கவரில் வைத்தால் ஒடியும் என்று அதே அளவுக்கு ஒரு நூல் வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு நுனியிலும் முடிச்சு இருக்கிறது. முடிச்சுக்கு முடிச்சு அளந்துகொள்ளுங்கள்.

இதைச் சாரிடமும் காட்டினேன். ‘வழிஞ்சதுக்குக் கட்டம் கெடையாது’ என்று செந்தில்வேல் அண்ணாச்சி சொன்னதை அவர் மாதிரியே சொல்லிக் காட்டினேன். சார் கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

காகிதம் சென்னைக்குப் போனால் நாளாகும் என்கிறீர்கள். ஆகட்டும் டீச்சரம்மா. இப்போது எங்களுக்குப் பயம் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் பிள்ளைகளையும் மாடுகளையும் மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோய்விடுவோம். பாதி மறுகால் கட்டிவிட்டால் ஊர் நிம்மதியாகத் தூங்க ஆரம்பிக்கும். அதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

குழம்பில் மிளகாயைக் குறைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன கணக்கு விஷயம் என் வாயிலிருந்து வராது.

பகவதி


தூத்துக்குடி
22-8-1976, ஞாயிறு

பகவதி அம்மாளுக்கு,

நூல் வந்தது. நூல் இழுத்தால் நீளும். ஈர்க்கு பதினொரு வருஷத்தில் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. மாட்டுத் தொட்டியை ஆதாரம் என்று எந்த அலுவலகமும் ஏற்காது. ரிஜிஸ்டர்தான் ஆதாரம்.

எட்டு அங்குலத்தை வைத்தே கணக்கு முடிந்து, அவருடைய கையெழுத்தோடு மதிப்பீடு திருநெல்வேலிக்குப் போய்விட்டது. உங்கள் பதினைந்து நம்பத்தகுந்ததல்ல என்று காரணங்களோடு அவருக்கு எழுதினேன். அவரும் ஒப்புக்கொண்டார். இந்த விஷயமாக இனி எழுத வேண்டாம்.

நாசரேத்திலிருந்து ஜேசுதாசன் என்று ஒரு சமையல்காரரை அவருக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். முதல் தேதியிலிருந்து வருவார். தூக்குவாளி தேவைப்படாது.

ஞானபாய் செல்வதுரை


சாத்தங்கரை
20-10-1976

டீச்சரம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் எழுதவில்லை. இது சண்டைக்கு எழுதுகிற கடிதம் இல்லை.

அனுமதி வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தையில் வேலை தொடங்கும் என்று சார் அம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டிச் சொன்னார். வெடி போட்டார்கள். மறுகாலுக்குப் பக்கத்தில் அறுபதடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அதில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். நாசரேத்து ஜேசுதாசன் நன்றாகச் சமைக்கிறார். சாருக்குக் கன்னம் விழுந்தது நிரம்பிவிட்டது.

கூட்டத்தில் நான் எழுந்து, “சார், அன்னைக்கு வந்த தண்ணிக்கு இது காணாது” என்றேன். “ஏளா, வெடி போட்ட வாயில மண்ணப் போடாத, உக்காரு” என்று பின்னால் இருந்து சத்தம் வந்தது. சார் அவர்களைக் கையமர்த்திவிட்டுச் சொன்னார்: “பகவதி, இது என் வீட்டுக்காரி போட்ட கணக்கு. பதினெட்டு வருஷத்துல அவ கணக்கு தப்பி நான் பாத்ததில்ல. அன்னைக்குப் பெஞ்சது எட்டுதான்னா எட்டுதான். இப்ப இருக்க மறுகாலே அந்தத் தண்ணிக்குக் கர தாண்டாமத் தாங்கும், மேல விட வேண்டிய எடவெளிதான் காணாதுன்னு அவ எழுதிருக்கா.”

நீங்கள் என்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னீர்கள். அது இங்கே ரகசியம் இல்லை டீச்சரம்மா. சார் வந்த முதல் வாரமே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். மேஸ்திரி அளவு கேட்டால், “பொறும், தூத்துக்குடிக்குக் கணக்குப் போயிருக்கு” என்பார். செந்தில்வேல் அண்ணாச்சிகூட உங்களைப் பெரிய இன்ஜினியர் அம்மா என்றுதான் சொல்லுவார். உங்களுக்கு அது தெரியாது என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள மனசு வரவில்லை.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வந்து நானும் யோசித்தேன். படித்தவர்கள், பதினெட்டு வருஷம் தப்பாதவர்கள் சொல்கிறார்கள். நான் மழையில் நனைந்துகொண்டு கையை விட்டுப் பார்த்தவள். எனக்குத்தான் விரல் தப்பியிருக்கும்.

எனக்கு ஒரே மகள், செல்லக்கிளி. கயத்தாறுப் பக்கம் மேட்டு நிலத்தில் கட்டிக்கொடுத்தேன். தலைப்பிரசவம், கார்த்திகையில் நாள் சொல்லியிருக்கிறார்கள். மழைக்காலம் என்பதால் அவள் மாமியார் வீட்டிலேயே பெறட்டும், நான் போய்ப் பார்த்துக்கொள்வேன் என்று இருந்தேன். அந்த அம்மாளுக்கு வருத்தம். இப்போது பயம் இல்லை என்று ஆனதால் போன வெள்ளிக்கிழமை அழைத்து வந்துவிட்டேன். வீட்டில் நடமாட்டமாக இருக்கிறது. உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பகவதி


தூத்துக்குடி
24-10-1976, ஞாயிறு

பகவதி,

இந்தக் கடிதத்துக்கு முன்பே என் தந்தி உனக்கு வந்திருக்கும். ‘செல்லக்கிளியை உடனே மேட்டுக்கு அனுப்பு. கணக்கு தவறு. ஞானபாய்.’ தந்தி ஆபீஸ் குமாஸ்தா, “டீச்சர், கணக்கு தவறுன்னா தந்தியா அடிப்பாங்க?” என்று சிரித்தார். அனுப்பிவிட்டாய் என்று நம்புகிறேன். இன்னும் அனுப்பவில்லை என்றால் இதை மூடி வைத்துவிட்டு முதலில் அதைச் செய். மீதியை அப்புறம் படி.

உன் விரல் தப்பவில்லை.

நூல் வந்த அன்றே பள்ளிக்கூடத்து அடிக்கோலை வைத்து அளந்தேன். முடிச்சுக்கு முடிச்சு பதினைந்தேகால் அங்குலம். பக்கத்து வீட்டுப் பவுல் அண்ணன் அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் தோணியில் நின்று கயிறு பிடித்தவர். ஆழத்தைக் கயிற்றிலேயே சொல்லக்கூடியவர். நூல் எவ்வளவு நீளும் என்று அவரிடம் கேட்டேன். “நூலு நீளும் டீச்சர், ஒரு விரக்கடை நீளும். ஏழு இஞ்சு நீண்டா அது நூலா, சவ்வு மிட்டாயா?” என்றார். சிரித்துவிட்டு உள்ளே வந்து, உனக்கு ‘நூல் இழுத்தால் நீளும்’ என்று எழுதினேன்.

அது மட்டும் இல்லை. தண்ணீர் கரை உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது என்று உன் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி போதும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அன்று எவ்வளவு மழை பெய்திருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வரும் என்று தெரிந்துவிடும். போட்டேன். பதினாலே முக்கால் வந்தது. மறுபடி போட்டேன். அதே விடை. எட்டு அங்குலம் பெய்திருந்தால் தண்ணீர் கரைக்கு மூன்றடி கீழேயே நின்றிருக்கும், நீங்கள் ஒரு சாக்குக்கூட அடுக்கியிருக்க வேண்டாம். நாம் எட்டு அங்குலம் என்று சொல்லிவந்ததும் ரிஜிஸ்டர் கட்டத்தில் சரியாக இருநூறு மில்லிமீட்டர். ஜாடி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. மழை அப்படி முழு எண்ணில் பெய்யாது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

எல்லாம் தெரிந்துதான் எட்டு என்று எழுதினேன். அந்தத் தாளை மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டு, வேறு தாளில் எட்டை வைத்துப் புதிதாகப் போட்டேன். எட்டு என்றால் இந்த வருஷமே பணம் கிடைக்கும், ஒன்றும் இல்லாததற்கு அறுபதடி மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ அவரைச் சிரிக்க வைத்தாய் என்று எழுதியிருந்தாய். கண்ணில் தண்ணீர் வரும் வரை என்று. இந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது கிரேசி நடக்கப் பழகிய வருஷம். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். பதினைந்து என்று எழுதினால் அவர் மனசு சரி என்று சொன்னது உன்னை. எட்டு என்று எழுதினால் என்னை. எனக்கு முன்னால் இருந்த கணக்கு அவ்வளவுதான். முப்பத்திரண்டு வீடு அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

நீ அவரோடு என்ன பேசினாய், எங்கே உட்கார்ந்தாய் என்று நான் சந்தேகப்பட்டதாக நினைக்காதே. அப்படிச் சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சமையல்காரரை அனுப்பியதோடு முடிந்திருக்கும். எனக்கு உன் குழம்பு பெரிதாகப் படவில்லை. நீ அந்த அணையில் தண்ணீருக்குள் நிற்கிறாய், நான் இங்கே தாளில் நிற்கிறேன். உன்னிடம் அவர் கேட்கிறார், கேட்டு அது சரி என்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று நினைத்து இத்தனை வருஷம் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறேன். வந்த முதல் வாரமே சொன்னார் என்று நீ எழுதிய வரியைப் படித்தபோது சந்தோஷம் வரவில்லை. ஊர் முன்னால் நின்று, ‘அவ கணக்கு தப்பி நான் பாத்ததில்ல’ என்று அவர் சொன்னது நான் வேண்டுமென்றே தப்பாகப் போட்ட ஒரே கணக்கைப் பற்றி. அதை நம்பி நீ மகளை அழைத்து வந்திருக்கிறாய். எனக்கு நன்றி வேறு.

இங்கே நேற்றிலிருந்து தூறுகிறது. உப்பளத்தில் குவியலுக்கெல்லாம் ஓலை போட்டு மூடிவிட்டார்கள். மேற்கே கறுத்திருக்கிறது. நீ தெருவில் எல்லோரிடமும் சொல். கோடு போட்டதை நம்ப வேண்டாம், முந்தி மாதிரியே பிள்ளைகளையும் மாடுகளையும் மேட்டுக்குக் கொண்டுபோகச் சொல். கேலி செய்வார்கள். டீச்சரே எழுதியிருக்கிறாள் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு. படித்துக் காட்டினாலும் சரி.

இனி நான் செய்யப்போவது. நேற்று உன் கடிதம் வந்ததும் கணக்கை முதலிலிருந்து பதினைந்தை வைத்துப் போட்டுவிட்டேன். ஒன்பது தாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதி வைத்திருக்கிறேன், காரணம் எழுதவில்லை. காலை ஆறேகால் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய் அங்கே பெரிய இன்ஜினியர் கையில் இதைக் கொடுப்பேன். அனுப்பிய மதிப்பீட்டில் மழை அளவு தவறு, தவறு என்று தெரிந்தே எழுதினேன் என்று சொல்வேன். கொடுத்த அனுமதியை நிறுத்துவார்கள். காகிதம் சென்னைக்குப் போகும். வெடி போட்டவர்கள் என்னை ஏசுவார்கள், உன்னையும் ஏசுவார்கள். இலாகா கணக்கை வீட்டில் மனைவி போட்டாள் என்று தெரிந்தால் அவரிடம் விளக்கம் கேட்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

முதல் தாளில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். மழை அளந்தவர்: சாத்தங்கரை மடைக்காவல் பகவதி. கணக்கிட்டவர்: ஞானபாய். என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாயிற்று. உன் பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அவர்கள் கூப்பிட்டால் நீ வந்து போட வேண்டும். அவர் கையெழுத்துக்கு இடம் விடவில்லை. அவர்மேல் பழி வராமல் இருக்கட்டும் என்று விடாமல் இருந்தேனா, ஒரு தடவையாவது என் கணக்கு என் பெயரில் போகட்டும் என்று விடாமல் இருந்தேனா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். தெரியவில்லை.

உன்மேல் இருந்த பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. உன் பெயரை எழுதும்போதுகூட, என் பெயரை முதலில் போடலாமா என்று ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தினேன்.

அவர் அடுத்த சனிக்கிழமைதான் வருகிறார். அதற்குள் திருநெல்வேலியிலிருந்து அவருக்குத் தகவல் போய்விடும். முன்கூட்டி எழுதினால் அவர் வந்து, ‘வேண்டாம் ஞானம்’ என்பார். அவர் அப்படிச் சொன்னால் நான் கேட்டுவிடுவேன். அதனால் அவருக்கு எழுதவில்லை. கிரேசி உள்ளே படித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் தெரியாது. பவுல் அண்ணனிடம் பஸ் நேரம் மட்டும் கேட்டேன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஞானபாய்